812 மரங்களும் ஒரு சென்னைக்காரனின் வயிற்றெரிச்சலும்

பெங்களூரைப் பார்த்துச் சென்னைக்காரன் பொறாமைப்பட வழக்கமான காரணங்கள் சில உண்டு. மே மாதத்திலும் சாயங்காலம் வீசும் காற்று, சாலையை மூடி நிற்கும் மரங்கள், வியர்க்காத சட்டை. இதெல்லாம் எனக்கு இப்போது உறைப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் வெள்ளிக்கிழமை மாலை ஒருமுறை மாட்டிக்கொண்டால் போதும், அந்தப் பொறாமை தானாக இறங்கிவிடும். இறங்காத பொறாமை ஒன்றுதான் பாக்கி. 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை, எந்தக் கட்சியும் கூப்பிடாமல், லாரியில் ஏற்றி வராமல், பிரியாணிப் பொட்டலம் இல்லாமல், ஆயிரக்கணக்கான பேர் சாலையோரமாகக் கைகோத்து நின்று 'ஸ்டீல் ஃபிளைஓவர் பேடா' என்றார்கள். வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்குள் அந்தப் பாலத்தை அரசு கைவிட்டது.

மல்லேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டுக்கு அடிக்கடி போய்வருகிறவன் நான். அக்கா மகள் அந்தச் சங்கிலியில் நின்றவள். சென்னையைப் பற்றி நான் எதையாவது பெருமையாக எடுத்துவிட்டால், பேச்சு சுற்றி வளைத்து அந்த ஞாயிற்றுக்கிழமையில் போய் நிற்கும். "உங்களுக்குத்தான் கடல் இருக்கே மாமா, இதையாவது எங்களுக்கு விட்டுக்கொடுங்களேன்" என்பாள். விட்டுக்கொடுக்கலாம்தான். அதற்குமுன் அந்த விவகாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அதில் எவ்வளவு அவர்கள் சாமர்த்தியம், எவ்வளவு நேரம் கூடிவந்தது, அதே மாதங்களில் நாங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்?

பாலம்

பசவேஸ்வரா சர்க்கிளில் ஆரம்பித்து ஹெப்பாள் வரைக்கும் 6.7 கிலோமீட்டர். முழுக்க எஃகு. கட்டப்போவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம், செலவு 1,791 கோடி ரூபாய். விமான நிலையம் 2008இல் தேவனஹள்ளிக்குப் போனதிலிருந்து அந்த வழியில் நெரிசல் கூடிக்கொண்டே வந்தது உண்மை. ஆகவே அரசு சொன்ன காரணத்தில் பொய் ஒன்றும் இல்லை. 2016 செப்டம்பர் கடைசியில் சித்தராமையா அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சிக்கல் இரண்டு. ஒன்று, வெட்டவேண்டிய மரங்கள் 812. அந்த வழியை நடந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். கோல்ஃப் மைதானத்தைத் தாண்டி, அரண்மனை மைதானத்தை ஒட்டி, மேக்ரி சர்க்கிள் நோக்கிப் போகும்போது தலைக்குமேல் தூங்குமூஞ்சி மரங்கள் கைநீட்டி நிற்கும். மத்தியானம் ஒரு மணிக்கும் நடைபாதையில் வெயில் சில்லறையாகத்தான் விழும். அண்ணா சாலையில் அதே நேரத்துக்கு நடந்து பழகிய எனக்கு, இது ஒரு ஊர் தன் ஜனங்களுக்குக் கொடுக்கும் சம்பளம் மாதிரிப் படும்.

இன்னொன்று, யாரைக் கேட்டார்கள் என்பது. கருத்து கேட்டோம் என்று அரசு தரப்பு சொன்னது. வந்த மின்னஞ்சல்கள் முந்நூறு கூட இல்லை, அவற்றில் பெரும்பான்மை ஆதரவு, ஆகவே மக்கள் ஆதரவு. ஒரு கோடியைத் தொட்டுக்கொண்டிருந்த ஊரில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. மரத்தைவிட இந்தக் கணக்குதான் பலரை வீட்டைவிட்டு வெளியே இழுத்தது என்பது என் ஊகம். மரம் போகிறதே என்பது வருத்தம், நம்மைக் கேட்டதாகச் சொல்கிறார்களே என்பது ரோஷம். ரோஷத்துக்கு வேகம் ஜாஸ்தி.

அந்த ஞாயிறு

'சிட்டிசன்ஸ் ஃபார் பெங்களூரு' என்ற பெயரில் பல குழுக்கள் ஒன்று சேர்ந்தன. நாடகக்காரர் பிரகாஷ் பெலவாடி போன்ற ஊரறிந்த முகங்கள் சில, மற்றபடி குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், ஐடி ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஸ்கூல் பிள்ளைகள். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் இடத்தேர்வு. பாலம் எந்த வழியே போகுமோ அதே வழி நெடுகப் போய் நின்றார்கள். மைதானத்தில் கூடியிருந்தால் அது இன்னொரு கூட்டம். மரத்தடியிலேயே நின்றதால், அந்தப் பக்கம் காரில் போனவருக்கு எந்த மரம் போகப்போகிறது, எங்கே தூண் வரப்போகிறது என்பதெல்லாம் விளக்கம் இல்லாமலே புரிந்துவிட்டது.

கோரிக்கையும் ஒற்றை வரி. நகரத் திட்டமிடல், பொதுப்போக்குவரத்துக் கொள்கை என்று பத்து அம்சமாக நீட்டியிருந்தால் ஒருவர் கையிலாவது அட்டை நின்றிருக்காது. அக்கா மகள் எழுதிக்கொண்டு போன அட்டையைப் பார்த்திருக்கிறேன், பரண்மேல் இன்னும் இருக்கிறது. பிட்சா வந்த டப்பாவின் மூடி, பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் கன்னடத்தில் இரண்டு வார்த்தை. எண்ணெய்க் கறை படிந்த மூலையைத் தவிர்த்து எழுதியிருந்தாள்.

அப்புறம் நீதிமன்ற வேலை. சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் இதைத் தொடங்கமுடியுமா என்ற கேள்வி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அக்டோபர் 28ஆம் தேதி தீர்ப்பாயம் நான்கு வாரத்துக்குத் தடை போட்டது. போட்டது எது? தென்மண்டல அமர்வு. அது உட்கார்ந்திருப்பது எங்கே? சென்னையில். இந்த ஒரு தகவலை நான் எத்தனை சாப்பாட்டு மேஜைகளில் எடுத்து வீசியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. "தடை எங்க ஊர்ல வாங்கினீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றால், "வாங்கத் தெரிஞ்சது எங்களுக்குத்தானே மாமா" என்று பதில் வரும். அதற்குமேல் ரசத்தைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் மரியாதை.

2017 மார்ச் 2ஆம் தேதி, பெங்களூர் வளர்ச்சித் துறை அமைச்சர் கே.ஜே. ஜார்ஜ் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அதே மாதங்களில் இங்கே

இப்போது சென்னைப் பக்கம். 2016 அக்டோபரில் இங்கேயும் ஒரு பெரிய விஷயம் நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவேண்டியது. அறிவிப்பு விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மாதக் கடைசியில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போனார்கள், தனி அதிகாரி வந்தார். அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். ஐந்து ஆண்டுக்குமேல் இவ்வளவு பெரிய ஊருக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

அங்கே ஒரு பாலத்துக்காகக் கைகோத்து நிற்கத் தயாராகிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இங்கே 200 வார்டுகளின் பிரதிநிதித்துவம் சத்தமில்லாமல் காலாவதியானது. ஒரு மனிதச் சங்கிலி? ஒரு அட்டை? கிடையாது. நியாயமாகச் சொன்னால் அந்த நேரத்தில் ஊர் முழுக்கக் காது அப்பல்லோ மருத்துவமனை வாசலில் இருந்தது. செப்டம்பர் 22இல் முதலமைச்சர் ஜெயலலிதா அனுமதிக்கப்பட்டதிலிருந்து டிசம்பர் 5 வரைக்கும் வேறு எதைப் பற்றி யார் பேசினார்கள்? சரி, அதை ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்த ஐந்து ஆண்டுக்கு என்ன காரணம் சொல்வது?

டிசம்பர் 12இல் வர்தா புயல். 812 மரத்துக்காக அங்கே தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். இங்கே ஒரே மத்தியானத்தில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மறுநாள் காலை தெருத்தெருவாக ஜனங்கள் அரிவாளும் ரம்பமுமாக இறங்கியதை நான் பார்த்தேன். எங்கள் தெருவில் விழுந்த வேப்பமரத்தை நகர்த்த, அதுவரை வாட்டர் டாங்கி விஷயமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனதை உலகமே பார்த்தது. அடுத்த மாதம், 2017 ஜனவரி 17 முதல் 23 வரை, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தின் பக்கத்தில் வைத்தால் பெங்களூர்ச் சங்கிலி ஒரு கல்யாண வரிசை. சட்டத்தையே வரவழைத்தார்கள்.

ஆக, சென்னைக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று எவனும் சொல்லமுடியாது. புயலா, வெள்ளமா, மானப் பிரச்சினையா, கடற்கரை நிரம்பிவிடும். தெருவிளக்கு, வார்டு பட்ஜெட், டெண்டர் என்றால் தூக்கம் வருகிறது. என் பொறாமையின் வேர் அங்கே இருக்கிறது. பெங்களூர்க்காரன் விழித்துக்கொண்டது விபத்து நடந்த பிறகு அல்ல, கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போது.

ஜெயித்தது எதனால்?

சங்கிலிதான் பாலத்தைத் தடுத்தது என்று அவர்கள் சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை. 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் டைரி என்று சொல்லப்பட்ட தாள்கள் வெளியே வந்து, மேலிடத்துக்குப் பணம் போனதாகக் குற்றச்சாட்டு கிளம்பியது. பாலத்துக்கும் லஞ்சத்துக்கும் எதிர்க்கட்சி முடிச்சுப் போட்டது. சட்டமன்றத் தேர்தல் 2018இல். கெட்ட பெயரைச் சுமந்துகொண்டு தேர்தலுக்குப் போவதா என்று ஆட்சி யோசித்தது. கைவிட்டபோது அமைச்சர் பேச்சிலும் அந்தப் பழிக்குப் பதில் சொல்லும் தொனிதான் இருந்தது, மரத்தைப் பற்றிய கவலை தெரியவில்லை.

ஆனால் ஒன்று. சங்கிலியும் தடையும் இல்லாமல் இருந்திருந்தால் டைரி வெளிவரும்போது கம்பிகள் ஏறியிருக்கும், ஏறிய கம்பியை எந்த அரசும் இறக்காது. நாலு மாதம் தாமதம் வாங்கியதுதான் தெருவில் நின்றவர்களின் நிஜ வெற்றி. தாமதம் கிடைத்தால் அரசியல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். போராட்டக்காரர்கள் இதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, கேட்க அவ்வளவு வீரமாக இல்லை.

இன்னொரு முணுமுணுப்பும் உண்டு, அதை மறைத்தால் ஆய்வு என்ற பெயருக்கே அர்த்தம் இல்லை. அது விமான நிலையச் சாலை. காரும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர்கள் தினமும் பார்க்கும் மரங்கள். பீன்யா பக்கம் ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் இதே 812 மரம் போயிருந்தால் இத்தனை கேமரா வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அக்கா மகளிடம் கேட்டேன், அவளும் மறுக்கவில்லை. "ஆனா மாமா, ஒரு இடத்துல பழகினாத்தானே இன்னொரு இடத்துக்குப் போகமுடியும்" என்றாள்.

போகவும் செய்தார்கள், அதையும் சொல்லவேண்டும். 2016 டிசம்பரிலேயே 'சுக்கு புக்கு பேக்கு' (பேக்கு என்றால் வேண்டும்) என்று புறநகர் ரயில் கேட்டுக் கிளம்பினார்கள். வேண்டாம் என்று ஆரம்பித்தவர்கள் இரண்டே மாதத்தில் வேண்டும் என்பதற்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த திருப்பம். 2019 மார்ச்சில் எலிவேட்டட் காரிடார் என்ற உயர்மட்டச் சாலைத் திட்டத்துக்கு எதிராக மறுபடி தெருவுக்கு வந்தார்கள். 148 கிலோமீட்டர் புறநகர் ரயிலுக்கு 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இங்கேதான் என் முறை. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். தொண்ணூறு வருஷமாக நாங்கள் சுண்டல் கொறித்துக்கொண்டு போகிற வண்டிக்காக அவர்கள் அட்டை பிடித்து நின்றிருக்கிறார்கள். இந்தச் சந்தோஷத்தை எவராலும் என்னிடமிருந்து பறிக்கமுடியாது.

வார்டு கமிட்டி

சங்கிலியைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. 2019 வாக்கில் அக்கா வீட்டில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை காபியைக் குடித்துவிட்டு "வார்டு கமிட்டி, வரீங்களா?" என்றார். வேடிக்கை பார்க்கப் போனேன். வார்டு அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நீளமான மேஜை. தலைமை கவுன்சிலர். விதிப்படி கமிட்டிக்குப் பத்து உறுப்பினர்கள், அதில் மூன்று பேராவது பெண்கள், இரண்டு பேர் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து. சுற்றிலும் எங்களைப் போலச் சும்மா வந்த சிலர்.

பேசியது என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு குறுக்குத் தெருவில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது. ஒரு அம்மா எழுந்து, போன கூட்டத்தின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "போன மாசம் பதினைந்து நாள்னு சொன்னீங்க, இதோ எழுதியிருக்கு" என்றார். இன்ஜினியர் ஃபைலைப் புரட்டினார். பதில் சொல்ல முடியாமல் புரட்டுகிறவர் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் புரட்டுகிறார். ஆனால் அந்தத் தாள், எழுதி வைத்த அந்த ஒரு வரி, அவரை நாற்காலியில் நெளியவைத்தது. மேக்ரி சர்க்கிளில் நின்றவர்களை நினைத்து வராத வயிற்றெரிச்சல் எனக்கு அந்தத் தாளைப் பார்த்து வந்தது.

பெரிய நகரங்களுக்கு வார்டு கமிட்டி என்பது 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1992இலேயே சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022இல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். நல்ல ஆரம்பம். ஆனால் பகுதிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது மக்கள் இல்லை, மன்றம் நியமிக்கிறது. பெங்களூரிலும் நியமனம்தான், அதனால் இதில் அவர்கள் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வித்தியாசம், கேட்கிறவர்கள் மாதாமாதம் அதே தாளோடு திரும்ப வருவதில் இருக்கிறது.

இத்தனைக்கும் சென்னை இதில் பின்வரிசை ஊர் இல்லை. எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு 1989இல் இங்கே பிறந்தது, தெருக்காரர்களே காசு போட்டு வீடுவீடாகக் குப்பை வாங்கிய காலம் அது. நுகர்வோர், நகர நிர்வாக விஷயங்களில் வழக்கு போட்டு முட்டிமோதிய சிஏஜி (தணிக்கைத் துறை இல்லை, குடிமக்கள் அமைப்பு) 1985இலேயே தொடங்கியது. அன்றைக்கு அவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கவேண்டும்.

எதிர்க்கணக்கு

இனி அவர்கள் பக்கத்து ஓட்டை. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் அங்கேயும் தேர்தல் நடக்காமலே வருஷம் ஐந்து ஓடிவிட்டது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று ஒன்றை உட்காரவைத்தார்கள். இவ்வளவு விழிப்பான ஊர், தன் கவுன்சிலைப் பறிகொடுத்துவிட்டு ஐந்து வருஷம் இருந்திருக்கிறது. நான் இதைச் சொன்னபோது அக்கா வீட்டில் எதிர்ப்பே எழவில்லை. மாப்பிள்ளை மட்டும் "அதான் கோர்ட்ல இருக்கே" என்றார். 2016இல் நாங்கள் சொன்ன அதே பதில்.

பாலங்களும் விடவில்லை. 2022இல் சிவானந்தா சர்க்கிளில் ஒரு எஃகுப் பாலம் சின்னதாக வந்தேவிட்டது. இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்கு 16 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கச் சாலை, பதினேழாயிரம் கோடிக்கு மேல் மதிப்பீடு. மேலே போகவேண்டியது பூமிக்குள் போகிறது. அதற்கும் எதிர்ப்பு நடக்கிறது, ஆனால் 2016இன் ஒற்றை வரி இதற்கு அமையவில்லை. மரத்தைப் போலச் சுரங்கத்தைக் கண்ணால் காட்டமுடியாதே.

நம் கதை இன்னும் வேடிக்கை. தியாகராய நகரில் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சிஐடி நகர் வரை எஃகு மேம்பாலம் 2025 செப்டம்பரில் திறந்தார்கள். அண்ணா சாலையில் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடியில் இன்னொரு எஃகுப் பாலம். எஃகைக் குறை சொல்லமாட்டேன். கீழே மெட்ரோ சுரங்கம் ஓடும் சாலையில் கனம் குறைந்த கட்டுமானம் வேண்டும், இடுக்கமான இடத்தில் சீக்கிரம் முடியும், இன்ஜினியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'ஸ்டீல் ஃபிளைஓவர் வேண்டாம்' என்று நாம் கத்தியிருக்கவேண்டும் என்பதும் என் கட்சி இல்லை. வேண்டுமா என்று ஒருவர் கூடக் கேட்டதாக நினைவில்லை என்பதுதான் குறை. தி. நகர்ப் பாலம் திறந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரே விவாதம், தீபாவளிக் கூட்டத்துக்கு அது உதவுமா என்பது.

சென்னை மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் வாக்கில் முடிகிறது. அடுத்த தேர்தல் சொன்ன நேரத்தில் நடக்குமா, 2016 போல இழுக்குமா என்று அக்கா மகளுக்கும் எனக்கும் ஒரு பந்தயம். இழுத்தால் சென்னை சும்மா இருக்காது என்று நான் கட்டியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு, "எங்க நிப்பீங்க மாமா? ரிப்பன் பில்டிங் வாசல்ல நிழலே கிடையாதே" என்றாள். எதிரே சென்ட்ரலில் மெட்ரோவுக்குள் இறங்கி நிற்கலாம், ஏசி உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.